ஒன்லைன்: 'அப்புறம்?' என்று கேட்கவைக்கும் ஒரு வரி

தயாரிப்பாளர் அலுவலகத்தில் கதை சொல்ல உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்பது கோடம்பாக்கத்தின் பழைய நம்பிக்கை. கிடைக்கலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அதற்கு முன்பே, பெரும்பாலும் நீங்கள் இல்லாத இடத்தில் முடிவாகிவிடுகிறது. ஹீரோவின் மேனேஜர் காரில் போகும்போது, "ஒரு தம்பி லைன் ஒண்ணு சொன்னான் சார், நல்லா இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். ஹீரோ போனைப் பார்த்துக்கொண்டே "என்ன லைன்?" என்பார். அந்த நேரத்தில் மேனேஜரின் வாயில் உங்கள் கதை எப்படி வருகிறதோ, அதுதான் உங்கள் ஒன்லைன். நீங்கள் உங்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பது அதற்கான ஏற்பாடு மட்டுமே.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். உங்களிடம் கேட்டவர், உங்கள் துணையில்லாமல் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வதற்காக எழுதப்படும் வாக்கியம் இது. உங்கள் குரல் ஏற்ற இறக்கம், கண்ணீர், பின்னணி இசையை வாயாலேயே வாசிக்கும் திறமை எதுவும் அதோடு போகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. படப்பிடிப்பு நெருங்கும்போது உதவி இயக்குநர்கள் தயாரிக்கும் காட்சி வரிசைப் பட்டியலையும் நம் ஊரில் 'ஒன்லைன்' என்றே சொல்கிறார்கள். அது வேறு வேலை. இங்கே பேசுவது கதையின் கருவை ஒரே வாக்கியத்தில் சொல்வதைப் பற்றி. ஹாலிவுட்காரர்கள் 'லாக்லைன்' என்பது இதைத்தான். திரைக்கதைப் பயிலரங்குகள், ஓ.டி.டி. நிறுவனங்கள், கோவாவில் என்.எஃப்.டி.சி. நடத்தும் ஃபிலிம் பஜார் போன்ற இடங்களுக்கு எழுதி அனுப்பும்போது இதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். கோடம்பாக்கத்தில் அந்தக் கட்டம் டீக்கடையிலோ லிஃப்டிலோ வாய்மொழியாக வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்

வரியைச் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் முதலில் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "அதாவது?" என்று கேட்டால் வரி புரியவில்லை. "சரி" என்றால் புரிந்துவிட்டது, ஆனால் உள்ளே கதை இல்லை. "அப்புறம்?" என்று கேட்டால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஏனென்றால் அவர் மனதுக்குள் அடுத்த காட்சி ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. தான் நினைத்ததும் நீங்கள் எழுதியதும் ஒன்றா என்று சரிபார்க்கத்தான் அந்தக் கேள்வி.

1999இல் வந்த 'முதல்வன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'முதலமைச்சரைப் பேட்டி காணும் டிவி நிருபர் ஒருவன், அவர் விட்ட சவாலை ஏற்று ஒரு நாள் முதல்வராகிறான்.' இதைக் கேட்ட எந்தத் தமிழனும் சும்மா இருக்க மாட்டான். ஒரு நாள் நாற்காலி கிடைத்தால் தான் என்ன செய்வோம், யாரை முதலில் வேலையை விட்டுத் தூக்குவோம், சாயங்காலம் ஆனால் என்ன நடக்கும் என்று அவனே படம் ஓட்டத் தொடங்கிவிடுவான். வரிக்குள் காதல் இல்லை, பாட்டு இல்லை, கிராபிக்ஸ் இல்லை, கிளைமாக்ஸ் இல்லை. இவையெல்லாம் படத்தில் உண்டு. வரிக்கு அவை தேவைப்படவில்லை.

2021இல் வந்த 'மண்டேலா' இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் அதில் பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய செலவு இல்லை. 'இரண்டு சாதிக்கும் ஓட்டு சரிசமமாக இருக்கும் ஒரு கிராமத்து உள்ளாட்சித் தேர்தலில், இதுவரை மனிதனாகவே மதிக்கப்படாத முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுதான் யார் தலைவர் என்பதைத் தீர்மானிக்கப்போகிறது.' நேற்றுவரை கொல்லைப்புறமாக வரச் சொன்னவர்கள் இன்று அவரை எப்படித் தாங்குவார்கள் என்ற காட்சி, சொல்லாமலே கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ஓட்டைப் போட்டு முடித்த பிறகு அவர் கதி என்ன என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. சிரிப்பும் ஆபத்தும் ஒரே வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருப்பது அபூர்வம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். இரண்டிலும் ஓர் ஆள் இருக்கிறான், அவனுக்குச் சற்றும் பொருந்தாத ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். நாற்காலிக்கும் நிருபருக்கும் சம்பந்தமில்லை. அதிகாரத்துக்கும் அந்த முடிதிருத்துபவருக்கும் அதைவிடச் சம்பந்தமில்லை. பிளேக் ஸ்னைடர் 2005இல் எழுதிய 'சேவ் த கேட்' என்ற திரைக்கதை நூலில், லாக்லைனுக்கு முதலில் வேண்டியது இந்த முரண்தான் என்கிறார். அந்தப் புத்தகத்தின் பல சூத்திரங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. எந்தப் பக்கத்தில் எது நடக்க வேண்டும் என்று அளந்து கொடுப்பதில் அவருக்கு இருக்கும் உற்சாகம் நம் இடைவேளை வைத்த படங்களுக்குச் சரிப்படாது. ஆனால் முரண் பற்றி அவர் சொல்வது கோடம்பாக்கத்திலும் அப்படியே செல்லும். கதை டிஸ்கஷனில் பெரியவர்கள் "நாட் எங்கேய்யா?" என்று முடிச்சைக் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

ஆள் யார்?

பெயர் வேண்டாம். 'சுயம்புலிங்கம்' என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. 'நாலாம் வகுப்பைத் தாண்டாத, சினிமாப் பைத்தியமான கேபிள் டிவிக்காரர்' என்றால் ஆளே எழுந்து வந்துவிடுகிறார். 2013இல் மலையாளத்தில் 'த்ருஷ்யம்', 2015இல் தமிழில் 'பாபநாசம்' என்று ஜீத்து ஜோசப் இயக்கிய கதையின் வரி இப்படி அமையும்: 'நாலாம் வகுப்பைத் தாண்டாத கேபிள் டிவிக்காரர், தன் குடும்பத்தின் கையால் தவறுதலாகச் செத்துப்போன போலீஸ் உயரதிகாரியின் மகனைப் பற்றிய விசாரணையிலிருந்து, சினிமா பார்த்துக் கற்ற அறிவை மட்டும் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடுகிறார்.'

இதில் தொழிலும் படிப்பும் அலங்காரத்துக்கு வரவில்லை. கேபிள் டிவிக்காரர் என்பதால்தான் அவருக்குச் சினிமா தெரியும். நாலாம் வகுப்பு என்பதால்தான் போலீஸ் அவரைக் குறைத்து மதிப்பிடும். எதிராளி சாதாரண ஆளாக இல்லாமல், மகனைத் தொலைத்த போலீஸ் அதிகாரியாகவே இருப்பதால்தான் தப்பிக்க வழி இல்லாமல் போகிறது. மொழி மாறினாலும் கதை மாறவில்லை: தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் என்று போன இடத்திலெல்லாம் இந்தப் பூட்டுதான் போனது.

உங்கள் வரியில் கதாபாத்திரத்துக்கு முன்னால் போடும் அடைமொழி ஒவ்வொன்றையும் இப்படிக் கேள்வி கேளுங்கள். 'நேர்மையான', 'பாசமான', 'துடிப்பான' எல்லாம் கல்யாணத் தரகர் சொற்கள். அவற்றால் கதையில் எதுவும் நகராது. அடைமொழியை எடுத்துவிட்டால் பிரச்சினை சின்னதாகிறதா? ஆகிறதென்றால் அந்த அடைமொழி இருக்கட்டும். இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யில் ஆயுள் தண்டனை முடிந்து வெளியே வருபவன், இதுவரை பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகிறான். அவனை மறித்து, மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். 'மகளைப் பார்த்தே இராத' என்பதை எடுத்துப் பாருங்கள். லாரி சேஸ் மட்டும்தான் மிஞ்சும். அந்த மூன்று சொல்தான் படத்தின் உயிர்.

கண்ணால் பார்க்கக்கூடிய ஆசை

'கலைப் படத்துக்கு ஒன்லைன் எழுத முடியாது, அது கமர்ஷியல் படத்துக்கான வேலை' என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கலாம். உண்மை நேர்மாறு. 'காக்கா முட்டை'யை ஒரு வரியில் சொல்ல நீங்கள் இயக்குநராக இருக்க வேண்டாம். படம் பார்த்த எவரும் சொல்வார்: குப்பத்துச் சிறுவர்கள் இருவருக்குப் பீட்சா சாப்பிட வேண்டும். 2018இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் ஏலத் தோட்டங்களுக்கு மூட்டை சுமக்கும் கூலிக்காரனுக்குத் துண்டு நிலம் வாங்க வேண்டும். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்'லில், குடிகார அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். கொளுத்தும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள்.

பீட்சா, துண்டு நிலம், மனைவியின் ஊர். இவை மூன்றும் கேமரா வைத்துப் படம்பிடிக்கக்கூடியவை. 'வறுமையின் வலி', 'நிலமற்றவர்களின் வாழ்வு', 'ஆணாதிக்கத்தின் வெப்பம்' என்று எழுதினால் கருத்து சரியாக இருக்கும், படம் தெரியாது. அந்தக் கருத்துகளை எல்லாம் விமர்சகர்கள் பின்னால் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் பீட்சாவை எழுதுங்கள்.

விதிவிலக்கு உண்டு. 'சூப்பர் டீலக்ஸ்' போல நான்கைந்து கதைகள் ஒரே நாளில் உரசிப்போகும் படங்களுக்கு ஒரே வரி எழுதினால் படத்துக்கு அநியாயம் செய்ததாகவே முடியும். அப்படிப்பட்ட திரைக்கதை கையில் இருந்தால், எல்லாக் கதைகளையும் ஒரு வாக்கியத்தில் திணிக்காமல், மிக வலுவான ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு 'இதுபோல இன்னும் மூன்று' என்று நிறுத்திக்கொள்வது மேல்.

தமிழ் வாக்கியத்தின் பலமும் வம்பும்

ஆங்கில வழிகாட்டிகள் லாக்லைனுக்கு 25 முதல் 30 சொல் என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். அவர்கள் மூன்று நான்கு சொல்லில் சொல்வதை நாம் 'வரப்போவதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் மொழியில் இருபது சொல்லே தாராளம். இருபத்தைந்தைத் தாண்டினால் எதையோ திணித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எண்ணுவதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நம்பகமானது. இடையில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வரி நீளம்.

இன்னொரு சிக்கல் நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் ஆளைப் பற்றிய எல்லாத் தகவலையும் பெயரெச்சமாக்கி அவனுக்கு முன்னாலேயே அடுக்கிவிடலாம். 'சிறையில் பத்தாண்டு கழித்த, மனைவியை இழந்த, மகளைப் பார்த்தே இராத, ஊரே வெறுக்கும்...' என்று போய்க்கொண்டே இருந்தால், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் கேட்பவர் அந்தரத்தில் தொங்குவார். ஆளுக்கு முன்னால் இரண்டு எச்சத்துக்கு மேல் வேண்டாம். சில சமயம் ஆளை முதலிலேயே வைத்து 'பத்திர எழுத்தர் ஒருவர்,' என்று தொடங்கிவிடுவது நல்லது.

பலம் என்னவென்றால், நம் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் கனம் இயல்பாகவே முடிவில் விழுகிறது. ஆகவே இடிச் செய்தி எதுவோ, அதைக் கடைசி எட்டுப் பத்துச் சொற்களுக்குள் வையுங்கள். 'ஒரு நாள் முதல்வராகிறான்' என்று முடியும் வரியையும் 'ஒரு நாள் முதல்வராகும் நிருபர் ஒருவன் ஊழலை எதிர்த்துப் போராடுகிறான்' என்று முடியும் வரியையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது, புதையலை நடுவில் புதைத்துவிட்டுச் சாதாரணமான இடத்தில் போய் முடிகிறது.

ஒரு வரி எப்படித் திருந்துகிறது

இனி ஒரு கற்பனைக் கதையை வைத்து வேலை செய்து பார்க்கலாம். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரைப் பற்றி ஒருவர் கதை வைத்திருக்கிறார். அவர் எழுதிவந்த முதல் வரி:

'பணமா பாசமா என்ற போராட்டத்தில் சிக்கிக்கொள்ளும் நடுத்தர வர்க்கத் தந்தை ஒருவரின் உணர்ச்சிகரமான பயணம்.'

இது பல்லாயிரம் படங்களுக்குப் பொருந்தும். ஆகவே எந்தப் படத்துக்கும் பொருந்தாது. பத்திர எழுத்தர் என்ற அருமையான விஷயமே இதில் காணாமல் போய்விட்டது. 'பயணம்', 'போராட்டம்', 'தேடல்' மூன்றையும் உங்கள் ஒன்லைன் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். பயணம் என்றால் பஸ் ஏற வேண்டும்.

விவரம் போதவில்லை என்று சொன்னதும் அவர் எதிர்க்கோடிக்குப் போனார்:

'தாலுகா ஊரில் பத்திர எழுத்தராக இருக்கும் ராமலிங்கத்தின் மகள் கவிதாவும் சென்னையில் வேலை பார்க்கும் அருணும் காதலிக்க, அருணின் அம்மா விசாலாட்சியின் பங்கு நிலத்தை அவளுடைய அண்ணன்கள் இருபது வருடத்துக்கு முன் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரை விட்டுவிட்டு விற்றுவிட்டது தெரியவர, அந்தப் பத்திரத்தை எழுதியது ராமலிங்கம்தான் என்ற உண்மை அவருக்கு மட்டும் தெரிந்திருக்க...'

நான்கு பெயர், இரண்டு 'தெரிய', இன்னும் வினைமுற்றே வரவில்லை. ஆனால் திட்டாதீர்கள். புதையல் இதற்குள்தான் இருக்கிறது. பெயர்களை உதறிவிட்டு உறவுகளை மட்டும் வைத்தால்:

'ஒரு பெண்ணின் பங்கை மறைத்துப் போலிப் பத்திரம் எழுதிய பத்திர எழுத்தர், இருபது வருடம் கழித்து அவள் மகனையே தன் மகள் காதலிப்பதை அறிகிறார்.'

இப்போது நாட் தெரிகிறது. சொல்லிப் பார்த்தால் கேட்பவர் "அடடா" என்பார். ஆனால் "அப்புறம்?" என்று கேட்க மாட்டார். காரணம், அவர் 'அறிகிறார்'. அறிந்து என்ன செய்கிறார்? 'அறிகிறார், உணர்கிறார், புரிந்துகொள்கிறார், தவிக்கிறார்' என்று முடியும் வரிகளில் கதை இன்னும் தொடங்கவே இல்லை. இடைவேளைக்கு முன்னால் இருபது நிமிடம் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் சிக்கல் வாக்கியத்தில் இல்லை, கதையிலேயே இருக்கிறது. நம் கதைசொல்லிக்கும் அதுதான் நடந்தது: இரண்டாம் பாதி முழுக்க எழுத்தர் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார், கடைசியில் உண்மையைச் சொல்லி அழுதார். வரியைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தன் நாயகனுக்குச் செய்வதற்கு ஒன்றுமே வைக்கவில்லை என்பது வெளிச்சமானது.

என்ன செய்யலாம் என்று யோசித்ததில் மூன்று வழிகள் வந்தன. காதலைப் பிரிக்கலாம், பார்த்துச் சலித்த வழி. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். கண்ணியமான வழி, ஆனால் அது ஒரு காட்சி, ஒரு படம் அல்ல. மூன்றாவது, அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையை வைத்தே பழைய தப்பைத் திருத்தப் பார்ப்பது:

'பத்திர எழுத்தர் ஒருவர், தான் எழுதிய போலிப் பத்திரத்தால் நிலத்தை இழந்த பெண்ணே தன் மகளுக்கு மாமியாராக வரப்போகிறாள் என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குள் அந்த நிலத்தை மீட்டுக்கொடுக்க இன்னொரு போலிப் பத்திரம் எழுதத் துணிகிறார்.'

இங்கே எல்லாம் வந்துவிட்டது. ஆள், அவர் செய்த வினை, கெடு, செய்யப்போகும் காரியம். பாவத்துக்குப் பரிகாரம் அதே பாவம் என்ற முரண் கடைசிச் சொற்களில் விழுகிறது. பதிவு அலுவலகத்தில் கைரேகை, புகைப்படம், ஆன்லைன் வில்லங்கச் சான்று என்று வந்துவிட்ட காலத்தில், பழைய முத்திரைத்தாள் காலத்து எழுத்தர் எப்படிப் போலி செய்வார் என்ற கேள்வியும் இலவசமாகக் கிடைக்கிறது. அண்ணன்கள் சும்மா இருப்பார்களா என்ற இன்னொரு கேள்வியும். 'வில்லங்கம்' என்று தலைப்பு வைத்தால், தலைப்பும் வரியும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும்.

கவனியுங்கள், எழுத்தருக்கு மன்னிப்பு கிடைக்கிறதா என்பதை வரி சொல்லவில்லை. ஒன்லைனில் முடிவு வேண்டாம். ஆனால் முடிச்சை மறைக்கவும் கூடாது. 'ஒரு பழைய ரகசியம் அவர் வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிறது' என்று பூடகமாகச் சொல்வது டிரெய்லர் பாஷை. டிக்கெட் வாங்கப்போகிறவரிடம் ரகசியம் காக்கலாம். முதல் போடப்போகிறவரிடம் காத்தால், உங்களிடமே ரகசியம் எதுவும் இல்லை என்றுதான் நினைப்பார்.

அதேபோல 'என்ன ஆனது என்பதே மீதிக்கதை' என்று முடிக்காதீர்கள். அது வாரப் பத்திரிகை விமர்சனங்களில் நாம் படித்துப் படித்துப் பழகிப்போன வால். விமர்சகர் படம் பார்த்தவர். மீதிக்கதை அவருக்குத் தெரியும், சொல்லாமல் விடுகிறார். நீங்கள் சொல்லும்போது, மீதியை இன்னும் யோசிக்கவில்லை என்று காதில் விழும்.

'ஜாஸ் இன் ஸ்பேஸ்' (விண்வெளியில் 'ஜாஸ்' படம்) என்ற மூன்று சொல்லில்தான் 1979இன் 'ஏலியன்' கதை விற்கப்பட்டது என்று ஹாலிவுட்டில் ஒரு கதை சொல்வார்கள். அதைப் பார்த்து இங்கே 'கைதி பிளஸ் 96' என்று கூட்டல் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கேட்பவர் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்திராவிட்டால் வரி பாதி செத்தது. பார்த்து, பிடிக்காமல் போயிருந்தால் முழுதும் செத்தது. எல்லாவற்றையும்விட, அடுத்தவர் படத்தின் முடிச்சைக் கடன் வாங்கித் தன் படத்தின் முடிச்சைச் சொல்லாமல் தப்பிக்கும் வழி அது.

சொல்லும்போது

'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவிடம் நாகேஷ் கதை சொல்லும் காட்சி நினைவிருக்கும். 1964இலிருந்து இன்றுவரை தமிழ் சினிமாவில் கதை சொல்லப் போகிற ஒவ்வொருவரும் மனதுக்குள் அந்த நாகேஷாகத்தான் போகிறார்கள். பாலையா நடுங்கியது கதையைக் கேட்டு அல்ல, சத்தத்தைக் கேட்டு. அடுத்த நாள் அந்தக் கதை என்ன என்று பாலையாவிடம் கேட்டிருந்தால் கதவு கிரீச்சிட்டதைத்தான் சொல்லியிருப்பார். முழுக் கதை சொல்லும்போது நாகேஷாக இருங்கள், தப்பில்லை. ஒன்லைனைச் சாதாரணக் குரலில், பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடுங்கள். மௌனம் தாங்காமல் 'அதுல என்ன சார் விசேஷம்னா...' என்று விளக்க ஆரம்பிப்பவர்களே அதிகம். அவர் "அப்புறம்?" கேட்பதற்கான இடத்தை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

எதிரில் இருப்பவர் தயாரிப்பாளராக இருந்தால் அவர் மனதுக்குள் இன்னொரு கணக்கும் ஓடும்: எத்தனை நாள், எத்தனை ஊர், யார் நடிப்பார்? 'ஒரே இரவில்', 'ஒரு கிராமத்தில்', 'கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது' என்ற சொற்கள் கதைக்கு மட்டுமல்லாமல் பட்ஜெட்டுக்கும் பதில் சொல்கின்றன. 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' நல்ல உதாரணம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிரிக்கெட் விளையாடி அடிபட்ட மாப்பிள்ளைக்கு, கட்டிக்கப்போகும் பெண் உட்படக் கடைசி ஓராண்டு மறந்துபோகிறது. விஷயம் வெளியே தெரியாமல் கல்யாணத்தை முடிக்க மூன்று நண்பர்கள் பாடுபடுகிறார்கள். நான்கு பையன்கள், ஒரு மண்டபம். புதுமுகங்களை வைத்தே எடுக்கலாம் என்பது வரியைக் கேட்கும்போதே தெரிந்துவிடும். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாரின் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த சம்பவம் அது. சில நேரம் ஒன்லைன் நம் நண்பர் வட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. சினிமாவில் இல்லாத ஒருவரிடம் வரியைச் சொல்லுங்கள். மெஸ் நடத்தும் அக்கா, அறைத் தோழன், ஊரில் இருக்கும் மாமா. கருத்துக் கேட்காதீர்கள். பாசத்தில் "சூப்பர்" என்று சொல்லிவிடுவார்கள். நாலு நாள் கழித்து, "அன்னைக்கு ஒரு கதை சொன்னேனே, என்னக்கா அது?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எதை விட்டுவிட்டாரோ அது தேவையில்லாதது. எதை மாற்றிச் சொன்னாரோ அங்கே உங்கள் வரியில் ஓட்டை. பல நேரம் அவர் சொன்ன வடிவம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும். வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரியைத் திருடிவிட்டால்?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது. சட்டத்தின் பதில் கொஞ்சம் கசப்பானது. டெல்லியைச் சேர்ந்த நாடகாசிரியர் ஆர்.ஜி. ஆனந்த், தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தின் கருவை வைத்தே 1956இல் வந்த 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டதாக வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்கோ கருப்பொருளுக்கோ காப்புரிமை இல்லை, அது வெளிப்படுத்தப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. இன்றுவரை இந்தியாவில் கதைத் திருட்டு வழக்குகள் சுற்றிச்சுற்றி அந்தத் தீர்ப்புக்குத்தான் வருகின்றன. ஒன்லைன் என்பது பெரும்பாலும் வெறும் கருத்து. அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்க முடியாது.

நிற்க வேண்டுமென்றால் காட்சிகளும் பாத்திரங்களும் வரிசையும் உள்ள விரிவான கதைச் சுருக்கமோ, முழுத் திரைக்கதையோ கையில் இருக்க வேண்டும். அதை வெளியே சொல்லத் தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 2018இல் 'சர்கார்' வெளியாகும் முன் 'செங்கோல்' என்ற கதையை முன்வைத்து எழுந்த பிரச்சினை, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பேசப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் பெயர் போடுவதில் முடிந்தது. தன் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டான் என்ற பொறி படத்தை எடுத்தவருக்கும் 'செங்கோல்' எழுதியவருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கலாம். புகாரை எடுத்துக்கொள்ளச் சங்கத்துக்குக் காரணமாக இருந்தது, முன்பே பதிவாகியிருந்த கதை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வரி, பிறகு குறைந்தது பதினைந்து இருபது பக்கத்துக்குக் கதை, அதன் பதிவு, அதற்குப் பிறகே அலுவலகப் படி. வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். எந்த நாளில், யாரிடம், எந்த வடிவத்தைச் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அலுவலகத்திலிருந்து போன் வந்து, "தம்பி, அந்தப் பத்திர எழுத்தர் கதை என்னாச்சு?" என்று கேட்டால், எந்தப் பத்திர எழுத்தரை அவரிடம் சொன்னோம் என்று உங்களுக்கு உடனே தெரிய வேண்டும்.